திரவப் பசளை கறிதான், சோறு அல்ல

கொஞ்சம் நீளமான பதிவு. லயத்துக்குப் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டிருப்பவர்கள் பொறுமையாக வாசியுங்கள்.

கொஞ்ச நாளாகப் பிள்ளைகளைக் கூட்டிப் போக வரும் பெற்றோர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "சேர், சேதனத் திரவப் பசளை என்று போத்தலில் விற்கிறார்களே, எது நல்லது?" நான் சொல்வது: எதையும் வாங்க வேண்டாம். வீட்டிலேயே செய்யலாம். ஆனால் வீட்டில் செய்தாலும், அதை மட்டும் ஊற்றிக் கோவாவும் லீக்ஸும் எடுத்துவிடலாம் என்று நம்ப வேண்டாம்.

2021 யாருக்கும் மறந்திருக்காது. மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது, இரசாயனப் பசளை இறக்குமதி நின்றது. அந்த வருடம் தீபாவளி நவம்பர் 4. அன்றைக்குத்தான் இந்திய விமானப்படையின் இரண்டு விமானங்கள் 100 தொன் நனோ நைதரசன் திரவத்தைக் கொண்டுவந்து இறக்கின. நவம்பர் முடிவதற்குள் தடையையே எடுத்துவிட்டார்கள். அந்தத் திரவம் உண்மையில் சேதனப் பசளையே அல்ல. ஆனால் இன்றைக்கு விற்கும் போத்தல்களை அளக்க அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தியாவில் இப்கோ 2021இல் விற்ற நனோ யூரியா 500 மில்லிலீற்றர் போத்தலில் வந்தது. அதில் நைதரசன் 4 வீதம், அதாவது 20 கிராம். 45 கிலோ யூரியா மூடையில் 46 வீதம், அதாவது 20 கிலோவுக்கும் மேலே. ஒரு போத்தல் ஒரு மூடைக்குச் சமம் என்று சொல்லித்தான் விற்றார்கள். தரம் 6 பிள்ளையிடம் கொடுத்தாலும் ஆயிரம் மடங்கு வித்தியாசம் என்று சொல்லும். இலையில் தெளித்தால் வீண்போவது குறைவு என்பது சரிதான், அதற்காக ஆயிரம் மடங்கா?

இதே கணக்கை நம்முடைய நாட்டு முறைகளுக்கும் போட்டுப் பார்க்க வேண்டும். அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. சுபாஷ் பாலேக்கரின் ஜீவாமிர்தத்தை எடுங்கள். 200 லீற்றர் தண்ணீர், 10 கிலோ சாணம், 5 முதல் 10 லீற்றர் மாட்டுச் சிறுநீர், 2 கிலோ வெல்லம், 2 கிலோ பருப்பு மா, ஒரு பிடி மண். ஒரு ஏக்கருக்கு இவ்வளவு. எல்லாம் சேர்த்தாலும் கால் கிலோ நைதரசன்கூட வராது. ஒரு ஏக்கர் கோவா நன்றாக விளைந்தால் 40 கிலோவுக்குக் குறையாமல் எடுத்துக்கொள்ளும். இதில் பாலேக்கரைக் குறை சொல்ல முடியாது. அவரே இதைப் பசளை என்று சொல்வதில்லை, மண்ணில் நுண்ணுயிரைப் பெருக்கும் கலவை என்றுதான் சொல்கிறார். யூடியூப் பார்த்துச் செய்கிறவர்கள்தான் பசளையாக்கிவிட்டார்கள்.

சோறு என்பது பாத்திக்கு நாம் போடும் கூட்டெருவும் மக்கிய சாணமும்தான். பாத்தி கட்டும்போது ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் ஒரு வாளி. திரவப் பசளை கறி. நாற்று பிடிக்கும் நேரத்தில், இலை வெளிறும் நேரத்தில், போஞ்சி பூக்கும் நேரத்தில் அது நன்றாகக் கைகொடுக்கும். வெறும் கறியைக் குடித்துவிட்டு யாரும் மலை ஏறிக் கொழுந்து பறிக்கப் போவதில்லையே.

அப்படியிருந்தும் ஏன் போத்தல் இவ்வளவு விற்கிறது? சனத்துக்கு விளக்கம் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் சனத்தில் பெரும்பாலானவர்களுக்குக் காணி உறுதி இல்லை. இன்றைக்குப் பாத்தி போடும் இடம் அடுத்த வருடமும் தங்களுக்கு இருக்குமா என்று தெரியாது. துரை மாறினால் பேச்சும் மாறும். மூன்று வருடம் கூட்டெரு போட்டு மண்ணை வளர்க்கச் சொன்னால், யாருடைய மண்ணை என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்த வாரம் ஊற்றினால் அடுத்த வாரம் பச்சையாகும் என்று ஒருவன் போத்தலை நீட்டும்போது, ஒரு நாள் பேருக்கான காசைக் கொடுத்து வாங்கிவிடுகிறார்கள். பத்துப் பேர்ச்சஸ் காணிக்கு உறுதி கொடுத்துப் பாருங்கள், அதே ஆள் மாதக்கணக்கில் சாணம் சுமப்பார். பசளையைப் பற்றிப் பேசுகிற அதிகாரிகள் இதைப் பேசுவதில்லை.

சரி, எதைச் செய்யலாம்? பஞ்சகவ்யம் வேண்டாம் என்பது என் கருத்து. கொடுமுடி டாக்டர் நடராஜன் பிரபலமாக்கிய முறை அது. பயிருக்கு நல்லதுதான், நூற்றுக்கு மூன்று பங்கு கலந்து தெளிப்பார்கள். ஆனால் அதில் பாலும் தயிரும் நெய்யும் சேருகிறது. பால்மாவுக்கு வரிசையில் நின்ற சனம் நாங்கள். பிள்ளைக்குப் போக மிஞ்சினால் செடிக்கு ஊற்றுங்கள். மீன் கழிவும் வெல்லமும் சம அளவில் போட்டு ஊறவைக்கும் மீன் அமிலமும் நல்ல சாமான்தான். ஆனால் மூடி சரியில்லை என்றால் லயத்து நாய்கள் முழுக்க உங்கள் வாசலில் நிற்கும், பக்கத்து வீட்டோடு சண்டையும் இலவசம்.

எனக்குப் பிடித்தது காட்டுச் சூரியகாந்தி. ஹற்றன் பக்கத்து வீதியோரங்களில் மஞ்சள் பூவோடு ஆள் உயரத்துக்கு நிற்கிறதே, அதுதான். மெக்சிக்கோவிலிருந்து வந்து நம் மலையைப் பிடித்துக்கொண்ட செடி. காய்ந்த இலையில் நைதரசன் மூன்றரை வீதம் அளவிலும் பொற்றாசியம் நாலு வீதம் அளவிலும் இருக்கிறது. காசு கேட்பாரில்லை. பூக்க முன் இளந்தண்டோடு வெட்டி, நறுக்கி, ஒரு வாளி இலைக்கு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி, மேலே கல் வைத்து அமுக்குங்கள். கிடைத்தால் சாணம் இரண்டு கிலோ சேருங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிளறுங்கள். தமிழ்நாட்டு வீடியோவில் ஏழு நாள் என்றால் அது அவர்களுடைய வெயிலுக்கு. நுவரெலியாவில் வருடச் சராசரியே 16 பாகை செல்சியஸ் அளவுதான், மூன்று கிழமை ஆகும். வடித்து, பிளேன்டி நிறம் வரும்வரை தண்ணீர் கலந்து, வேரடியில் ஊற்றுங்கள். அதைவிடக் கடுமையாக ஊற்றினால் நாற்று கருகும்.

மழையை மறந்துவிடாதீர்கள். வட்டவளைப் பக்கம் ஜூன், ஜூலையில் ஊற்றும் எந்தத் திரவமும் அன்றைக்கே ஆற்றுக்குப் போய்விடும். மழை விட்ட நாளில் கொஞ்சமாக ஊற்றுங்கள், பத்து நாளைக்கு ஒரு தடவை. பெரலைப் பீலிக்கு மேற்பக்கம் வைக்க வேண்டாம். அதே தண்ணீரைத்தான் கீழ் லயத்தில் பிள்ளைகள் குடிக்கிறார்கள்.

சாணம் கலந்ததைச் சலாது இலையிலோ வெங்காயத் தாளிலோ தெளிக்கவே கூடாது. அமெரிக்கச் சேதன விவசாயச் சட்டத்தில், மண்ணில் படும் மரக்கறிக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 120 நாள் பொறுக்க வேண்டும். நாங்கள் வயிற்றோட்டத்துக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பதைவிட அது லேசு.

எங்கள் ஆட்கள் சிலர் தனியாக வந்து கேட்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஷாஃபிஈ மத்ஹபில் சாணமும் மாட்டுச் சிறுநீரும் நஜீஸ்தான். ஆனால் பயிருக்குப் பசளையாகப் போடுவதற்கு இடமிருக்கிறது, விளைந்த மரக்கறியைக் கழுவிச் சமைக்கலாம். தொழ முன் கையையும் உடுப்பையும் கழுவிக்கொள்ளுங்கள். மேலதிக விளக்கத்துக்கு மௌலவியிடம் போங்கள், நான் விஞ்ஞான ஆசிரியர்தான்.

கடைசியாக ஒன்று. மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இதுதான். தேயிலை புளிப்பு மண்ணில் வாழும் செடி, அதற்கு 4.5 முதல் 5.5 வரை பிஎச் போதும். கோவா, பீட்ரூட், லீக்ஸ் எல்லாம் 6க்கு மேல் கேட்கும். பழைய தேயிலை மலையில் போட்ட பாத்தியில் பீட்ரூட் குன்றிப்போய் நிற்பதற்குப் பாதிக் காரணம் புளிப்பாக இருக்கும். அந்த மண்ணுக்கு டொலமைட் போடாமல் எந்தத் திரவத்தை ஊற்றியும் பிரயோசனமில்லை. பாத்தியில் ஐந்து இடத்தில் ஆறு அங்குல ஆழத்து மண்ணை எடுத்துக் கலந்து, நிழலில் காயவைத்து, ஒரு கைப்பிடியைப் பையில் போட்டுப் பெயர் எழுதிப் பிள்ளையிடம் கொடுத்துவிடுங்கள். விஞ்ஞானகூடத்தில் பிஎச் தாள் இருக்கிறது. தரம் 9 பிள்ளைகளை வைத்தே பார்த்து, பையிலேயே எழுதி அனுப்புகிறேன். அதுவரை போத்தலுக்குக் காசு கொடுக்காதீர்கள்.