பயிற்சிப் பெட்டியும் அதன் விலையும்

கருவியைக் கையிற் கொடாது தொழில் கற்பித்தல், கடலைக் காட்டாது படகு செலுத்தக் கற்பித்தலை ஒக்கும். காரைக்காற் கடலோரத்துக் கருக்களாச்சேரியில் மீனவர் இல்லத்துப் பிறந்த சிறுவனுக்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வலை செப்பனிடுதலை அவன் ஏட்டிற் படித்தறிந்தானல்லன். கிழிந்த வலையைக் கையிலெடுத்தே கற்றான். அங்ஙனமாக, இக்காலத்துப் பொறிகள் பலவற்றிற்கும் உள்ளுயிராய் நிற்கும் மைக்ரோகண்ட்ரோலரை மட்டும் அவன் கரும்பலகைப் படத்திற் கண்டு அமைதல் எங்ஙனம் போதும்?

மைக்ரோகண்ட்ரோலர் என்பது கணக்கிடும் பகுதியும், நினைவகமும், புறப்பொருள்களோடு தொடர்புகொள்ளும் வாயில்களும் ஒரே சில்லில் அமைந்த சிறு கணினியேயாம். இத்தகைய சில்லினைத் தொடக்க மாணாக்கரும் எளிதிற் கையாளுமாறு ஒரு பலகையில் அமைக்கும் முயற்சி, 2005ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு இவ்ரேயா நகரில் மாஸ்ஸிமோ பான்ஸி முதலியோரால் அர்டுயினோ என்னும் பெயருடன் தொடங்கப்பெற்றது. மாணாக்கர் வாங்கத்தக்க விலை அவர்தம் முதற் குறிக்கோள்களுள் ஒன்று. பலகையின் அமைப்பை மறையாது வெளியிட்டமையால் பிறரும் அதனைச் செய்து விற்றல் கூடிற்று, விலையும் வீழ்ந்தது. 2021ஆம் ஆண்டில் வெளிவந்த ராஸ்பெர்ரி பை பிக்கோ என்னும் பலகைக்குக் குறிக்கப்பட்ட விலை 4 டாலரேயாம்.

சில்லு இங்ஙனம் மலிந்தும் பயிற்சிப் பெட்டி மலியாதிருப்பது ஏன்? முப்பது நாற்பது உறுப்புகளை நிறைத்துப் பெட்டியைப் பெரிதாக்குவதே காரணமென்று கருதுகின்றேன். தொடக்க மாணாக்கன் அவற்றுட் பலவற்றைத் தொடுவதேயில்லை. எனினும் அவற்றின் விலையையும் அவன் தந்தையே செலுத்துகின்றார். ஆகலின் பெட்டியை அமைப்போர் விலையை ஈற்றிற் குறித்தலை விடுத்து, முதற்கண் விலையை உறுதிசெய்து, அதற்குள் அடங்கும் பாடங்களை வகுத்தல் வேண்டும்.

பலகை ஒன்று, பிரெட்போர்டு ஒன்று, கம்பிகள் சில, எல்.இ.டி. விளக்குகள், 220 ஓம் மின்தடைகள், அழுத்துவிசை, ஒலிப்பான், வெப்பத்திற்கேற்ப மின்தடை மாறும் தெர்மிஸ்டர் ஆகிய இவ்வளவே பத்துப் பாடங்கட்குப் போதும். 5 வோல்ட்டில் ஏறக்குறைய 2 வோல்ட்டை விளக்கு கொள்ள, எஞ்சிய 3 வோல்ட்டிற்கு 220 ஓம் தடையின் வழியே 14 மில்லி ஆம்பியர் அளவே மின்னோட்டம் செல்லும் என்று கணக்கிட்டறிபவன், ஓமின் விதியை ஒருநாளும் மறவான். தெர்மிஸ்டரை ஐஸ்பெட்டியில் வைத்து, மீன் கெடாதிருக்கக் குளிர் போதுமாவென்று அளப்பவனுக்கு, அக்கல்வி தன் குடும்பத்தின் தொழிலுக்கும் உரியதென்பது தானே விளங்கும்.

இரண்டாவதாக, பிழை செய்தற்கு ஆகும் செலவு குறைவாயிருத்தல் வேண்டும். தொடங்குவோன் மின்கலத்தை மாற்றிச் செருகுவான். அது குற்றமன்று, கல்வியின் ஒரு படியேயாம். தலைகீழ் மின்னோட்டத்தைத் தடுக்கும் டயோடு ஒன்று சில்லினைக் காக்கும். அர்டுயினோ ஊனோ பலகையின் ஒரு வகையில், 28 கால்களையுடைய ஏடிமெகா 328 சில்லு பற்றவைக்கப்படாது குழியிற் செருகப்பட்டுள்ளது. கெட்டால் சில்லினை மட்டும் மாற்றிவிடலாம். அத்தகையதையே தெரிதல் நலம். உதிரி உறுப்புகளைத் தனித்தனியே விற்றலும் இன்றியமையாதது.

மூன்றாவது, விலை நேர்மையுடையதாதல் வேண்டும். பொருட்செலவு 300 ரூபாய் என்று கொள்வோம். அதனை 300 ரூபாய்க்கே விற்பவர், பழுதானவற்றை மாற்றித் தரவும், கட்டுக்கூலி, வண்டிச்சத்தம், வரி, கடைக்காரர் கழிவு ஆகியவற்றிற்கு ஈடுசெய்யவும் இயலாது விரைவில் தொழிலை நிறுத்துவர். 1,500 ரூபாய்க்கு விற்பவரோ ஏழை மாணாக்கனை வாயிலிலேயே திருப்பிவிடுவர். கணக்கை வெளிப்படையாகக் காட்டி 600 ரூபாய் அளவிற் குறித்தால் வாங்குவோர் வருந்தார், விற்போரும் நிலைப்பர்.

அரசினரின் ஆய்வுக்கூடங்கள் போதாவோ என்று சிலர் வினவலாம். 2016ஆம் ஆண்டில் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டம், 6 முதல் 12ஆம் வகுப்பு வரையுள்ள மாணாக்கர்பொருட்டு, தெரிந்தெடுத்த பள்ளிகட்கு 20 இலட்சம் ரூபாய் வரை உதவுகின்றது. அது போற்றத்தக்கதே. ஆயினும் கூடத்தின் கதவு மாலையில் மூடப்படும். விலையுயர்ந்த பொருள் கெட்டுவிடுமோ என்னும் அச்சம், பகலிலும் அலமாரியைப் பூட்டச் செய்யும். தலைவன் தந்த தாலந்தை அஞ்சி நிலத்திற் புதைத்த ஊழியனின் செய்கைக்கும் இதற்கும் வேற்றுமை யாது? பிரித்தானியாவில் 2016ஆம் ஆண்டில் மைக்ரோபிட் பலகைகள் ஏறக்குறையப் பத்து இலட்சம் பதினோரு பன்னிரண்டு வயதுச் சிறார்க்கு இலவசமாக அளிக்கப்பட்டபொழுது, அவை பள்ளியின் உடைமையாகாது அச்சிறாரின் உடைமையாகவே கருதப்பட்டன. நாம் கைக்கொள்ளவேண்டிய நெறி அதுவே.

நம் கல்லூரி மாணாக்கர்க்கு ஒரு விண்ணப்பம். இவ்விடுமுறையில் இருபது பெட்டிகளை நம் கையாலேயே அமைப்போம். பத்தினை விலைக்குக் கொடுத்து, அப்பணத்தைக்கொண்டு மேலும் அமைப்போம். பத்தினை உப்புக்காற்றுப் புகாத மூடிய டப்பாக்களிலிட்டு, எளிய தமிழில் எழுதிய கையேட்டுடன், கருக்களாச்சேரிச் சிறார்க்கு ஒரு திங்கள் இரவலாகக் கொடுப்போம். அவற்றுட் சில கெட்டுத் திரும்பினும் வருந்தற்க. பூட்டிய அலமாரியிற் புதிதாகவே கிடந்து பழமையாகும் பெட்டியினும், ஒரு சிறுவன் கையிற் பழுதுற்ற பெட்டி பன்மடங்கு பயன் தந்ததேயாம்.