சரக்கு தெரிந்தவருக்கு கேட் காவல்தானா?

ராணுவத்துக்கு உணவும் எரிபொருளும் வழங்கும் ஏஎஸ்சி பிரிவில், லடாக்கின் லேயில் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். குளிர்காலத்தில், லேவுக்கு வரும் வழியிலுள்ள சோஜி லா கணவாய் பனியில் மூடிவிடும். அதற்குள் மாதக்கணக்குக்கான மாவு, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் லாரியில் வந்து சேர்ந்தாக வேண்டும். முதலில் காலாவதியாகும் பெட்டி முன்வரிசைக்கு. ஜெர்ரிகேன் ஒவ்வொன்றையும் சாய்த்து, ஒழுகுகிறதா என்று பார்த்த பிறகே கையெழுத்து. கணக்கு தப்பினால் மேலே ஒரு முகாமில் அடுப்பு எரியாது.

ஓய்வு பெற்று வேலூர் வந்ததும் ஒரு கிடங்கில் நேர்காணல். "செக்யூரிட்டி வேலை இருக்கு, வர்றீங்களா சார்?" என்றார்கள். காவல் வேலை கேவலமில்லை. ஆனால் சரக்கு தெரிந்தவரை கேட்டில் உட்கார வைப்பது அந்த நிறுவனத்துக்குத்தான் நஷ்டம்.

15 ஆண்டு பணி முடித்த, பத்தாம் வகுப்பு தேறிய வீரரை குரூப் சி வேலைகளுக்குப் பட்டதாரிக்கு இணையாக மத்திய அரசு ஏற்கிறது. தனியார் ஹெச்ஆர் மேசையில் அது செல்லாக் காசு.

ஓய்வு பெற்ற வீரர்களான நாமும் விண்ணப்பத்தில் வெறும் பதவிப் பெயரை எழுதிவிட்டு நிற்கக் கூடாது. என்ன சரக்கு, எத்தனை டன், எத்தனை லாரி என்று எழுத வேண்டும். கிடங்கு மென்பொருள் பயிற்சியை ஓய்வுக்கு முன்பே எங்கள் பிரிவினர் எல்லோருக்கும் அரசு கட்டாயமாக்க வேண்டும். நிறுவனங்கள் எங்களை மூன்று மாதம் வேலைக்கு எடுத்துப் பார்க்கட்டும். ஸ்டாக் சரிபார்க்கும் நாளில் எங்கள் பேரேட்டைப் புரட்டட்டும்.