கடை பிடிக்கும் தரகர் யார் பக்கம்?

விளைபொருளைத் தரம் பிரித்து நேரடியாக விற்க உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் பல முன்வந்துள்ளன. இது வரவேற்கத்தக்கது. இதற்கு நகரில் கடையோ கிடங்கோ வாடகைக்குத் தேவைப்படுகிறது, தரகரும் தேவைப்படுகிறார். அவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: அவர் யாருக்காகப் பேசுகிறார்?

மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகரை உழவர்கள் நன்கு அறிவர். இரு பக்கமும் தரகு பெறுபவருக்குப் பேரம் படிந்தால் போதும். கட்டடத் தரகிலும் இதே நிலைதான். ஆனால், மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கும் எச்சரிக்கை, கடை பிடிக்கும்போது தளர்ந்துவிடுகிறது.

தரகரே வேண்டாம் என்பதும் சரியன்று. எந்தத் தெருவில் என்ன வாடகை, எந்தக் கட்டடத்தில் வழக்கு உள்ளது, எங்கே லாரி நுழையும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த அறிவை உழவர் பக்கம் திருப்புவதே தேவை.

ஒரு மாத வாடகையைத் தரகாகக் கொடுப்பது பல ஊர்களில் வழக்கம். மாதம் ரூ.20,000 கேட்கப்படும் கடையை ரூ.18,000-க்குப் பேசி முடித்தால், நிறுவனத்துக்கு மூன்று ஆண்டுகளில் ரூ.72,000 மிச்சமாகும். தரகருக்கோ ரூ.2,000 நஷ்டம்! வாடகையைக் குறைக்க அவர் எப்படி முனைவார்? ஆகவே, தரகை வாடகையோடு இணைக்காமல் ஒரே தொகையாக முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வாடகை குறைந்தால் அதில் சிறு பங்கு கூடுதலாகத் தருவதும் நல்லதே.

உரிமையாளரிடம் தரகு பெறுவதில்லை என்று தரகரிடம் எழுதி வாங்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, முகவர் தம்மை அமர்த்தியவருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர். எழுத்து இருந்தால் இந்தக் கடமையை வலியுறுத்துவது எளிது.

நல்ல தரகர் அமைந்தாலும், நிர்வாகக் குழுவினர் சிலவற்றை நேரில் பார்ப்பது அவசியம். சுவர்களுக்கு உள்ளே உள்ள தரையைத் தாங்களே அளக்க வேண்டும். மாடிப்படியும் பொது நடையும் சேர்ந்த சதுர அடிக்கு வாடகை கொடுத்து ஏமாறலாகாது. மும்முனை மின்இணைப்பு உண்டா, மழைநீர் புகுமா எனப் பார்க்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பெற வேண்டும்.

ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைப் பதிவு செய்தாக வேண்டும். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு நில உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டமும் எழுத்து மூல ஒப்பந்தத்தையும் வாடகை அதிகார அமைப்பில் பதிவையும் வற்புறுத்துகிறது. முன்பணம் திரும்பும் நாள், ஆண்டுதோறும் உயரும் வாடகை, காலி செய்ய முன்னறிவிப்புக் காலம் ஆகிய மூன்றும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

கடைக்குக் கொடுக்கப்படும் முன்பணம், உறுப்பினர் ஒவ்வொருவரும் சேர்த்த பங்குத்தொகை. கமிஷன் மண்டியின் பிடியிலிருந்து விடுபட முனைந்தவர்கள், கட்டடத் தரகிலும் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடலாகாது. தரகருக்குக் கூலியை நிறைவாகக் கொடுக்கலாம். ஆனால், அவர் யார் பக்கம் என்பதைத் தெளிவாக்கிய பின்னரே கொடுக்க வேண்டும்.