மலைச்சரிவு ஒயினுக்கு மரியாதை! பனங்கள்ளுக்குச் சிறையா?

ஐரோப்பாவில் ஆஸ்திரியா என்றொரு நாடு. (கங்காரு நாடான ஆஸ்திரேலியா வேறு, அதற்குப் பிறகு வருவோம்.) அங்கே டான்யூப் நதிக்கரையில் வாகாவ் என்ற பள்ளத்தாக்கு. மலைச்சரிவில் கல்லடுக்கிச் சுவர் எழுப்பி, படிப்படியாகத் திராட்சைக் கொடி வைத்திருக்கிறார்கள். செங்குத்தான இடங்களில் இயந்திரம் ஏறாது. குலையைக் கையால்தான் கொய்ய வேண்டும். அந்தச் சாற்றைப் புளிக்கவிட்டு, இனிப்பு ஏறக்குறைய முழுதும் அடங்கிய பின் கிடைப்பதுதான் பெயர்பெற்ற வெள்ளை ஒயின். கனவான்கள் நாக்கைச் சப்புக்கொட்டிப் புகழ்வது இதைத்தான்.

புளித்த திராட்சைச் சாறு ஒயின். புளித்த பனஞ்சாறு கள். ஒயினில் போதைச் சத்து 12 சதவீதம் அளவில் இருக்கும். கள்ளில் பெரும்பாலும் அதில் பாதிதான். அந்தச் சரிவில் ஏறுகிறவனும் உழைப்பாளி, வேதாரண்யத்தில் பனை ஏறுகிறவனும் உழைப்பாளி. பிறகு ஏன் ஒருவனுக்குப் பாராட்டு, மற்றவனுக்கு விலங்கு?

1784-ல் ஆஸ்திரியப் பேரரசன் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணையிட்டான்: பயிரிட்டவன் தன் ஒயினைத் தன் வீட்டிலேயே விற்கலாம்! வாசலில் பசுந்தழைக் கொத்துத் தொங்கினால் கடை திறந்திருக்கிறதென்று அர்த்தம். அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. முடிமன்னன் கொடுத்த உரிமை அது. நம் ஜனநாயக சர்க்காரோ 1987 முதல் கள்ளைத் தடை செய்து வைத்திருக்கிறது. பனை நமது மாநில மரமாம்! கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், தொழில். தடவாவிட்டால் கள், குற்றம்! நாகூரைத் தாண்டி வாஞ்சூர் எல்லையைக் கடந்தால் காரைக்கால். அங்கே கள்ளுக்கடை சட்டப்படி நடக்கிறது. காற்றும் மண்ணும் மாறிவிட்டனவா?

'கள்ளில் கலப்படம் செய்கிறார்கள்' என்பது சர்க்கார் தரப்பு வாதம். நல்லது. 1985-ல் அதே ஆஸ்திரியாவில் என்ன நடந்தது? சில ஒயின் வியாபாரிகள் இனிப்பும் கனமும் கூட்டிக் காட்ட டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சைக் கலந்தார்கள். உலகமே காறித் துப்பியது. ஏற்றுமதி படுத்துவிட்டது. அந்த நாடு திராட்சைக் கொடியை வெட்டிப் போட்டதா? இல்லை. கலந்தவர்களைச் சிறைக்கு அனுப்பி, அதே ஆண்டில் கடுமையான ஒயின் சட்டம் கொண்டுவந்தது.

அதே நச்சு 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தில் இருந்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்தார்கள். இருமல் மருந்தையே தடை செய்துவிட்டார்களா? முதலாளி கலந்தால் முதலாளிமீது வழக்கு. கள்ளில் எவனோ கலந்தால் பனையேறிகள் எல்லோருக்கும் தண்டனை!

நாம் குடிக்கு வக்காலத்து வாங்கவில்லை. கூலி வாங்கிய அன்றே அதைக் கடையில் கொட்டிவிட்டு வரும் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தக் கொடுமை நம் தாய்மார்களுக்குத் தெரியும். ஆனால் மதுவை ஒழிக்கவா கள்ளைத் தடுத்தார்கள்? 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் மூலம் சில்லறைக்கு விற்கிறது. 2023-24-ல் அதில் வந்த வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல்! சரக்கு காய்ச்சுவது தனியார் ஆலைகள். பனையேறிக்கு ஆலை ஏது? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலிகள். மலிவாகக் கிடைத்ததைக் குடித்தார்கள்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். வெளிநாட்டு ஒயினுக்கு இந்தியாவில் 150 சதவீத இறக்குமதி வரி இருந்தது. 2022 டிசம்பரில் அமலான ஒப்பந்தப்படி, 5 டாலருக்கு மேற்பட்ட ஆஸ்திரேலியப் புட்டிக்கு அது 100 ஆயிற்று. 15 டாலருக்கு மேற்பட்ட புட்டிக்கோ 75! விலை ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது. சீமைப் புட்டிக்கு வரிச்சலுகை தருகிற ஆட்சிகள் பனையேறிக்குத் தருவது எஃப்.ஐ.ஆர்!

கேரளத்தில் கள் தொழிலாளருக்கு 1969-லேயே சேமநல நிதிச் சட்டம் வந்துவிட்டது. இங்கே நாம் கேட்பது: பனையேறிகளின் கூட்டுறவுச் சங்கத்துக்கு உரிமம் கொடு, கலயத்தைச் சோதனை செய், கலப்படக்காரனைச் சிறையில் போடு, மரம் ஏறியதற்காகப் போட்ட வழக்குகளை வாபஸ் வாங்கு!