அப்பாவுக்கும் பரீட்சை உண்டு!

குட்டீஸ்... பரீட்சை, மார்க், சர்டிபிகேட் தொல்லை எல்லாம் நமக்கு மட்டும்தான் என்று அலுத்துக் கொள்கிறீர்களா? சிங்கப்பூரில், வேலை முடிந்ததும் பையைத் தூக்கிக் கொண்டு வகுப்புக்கு ஓடும் 50 வயது மாமாக்களும் அத்தைகளும் உண்டு. அங்கே என்ன நடக்கிறது?

தமிழையும் ஆட்சி மொழியாக வைத்திருக்கும் அந்தக் குட்டி நாட்டில் எண்ணெய்க் கிணறு கிடையாது. பெரிய சுரங்கமும் கிடையாது. மக்களின் திறமைதான் சொத்து. ஆனால், திறமைக்கும் வயதாகி விடுகிறதே! டைப்ரைட்டரில் புலியாக இருந்தவர்களை, கம்ப்யூட்டர் வந்து மறுபடி மாணவர்களாக்கியது. இப்போது செயற்கை நுண்ணறிவின் முறை.

"திரும்பவும் காலேஜில் சேர வேண்டியதுதானே?" என்பீர்கள். சேரலாம். ஆனால், அந்த இரண்டு, மூன்று வருடமும் வீட்டு வாடகை யார் கட்டுவது? உங்கள் ஸ்கூல் பீஸ் யார் கட்டுவது?

இதற்குத்தான் பெரிய படிப்பைத் துண்டு துண்டாக நறுக்கும் முறையை, 2005ல் சிங்கப்பூர் கொண்டு வந்தது. ஒரு துண்டு படித்து, பரீட்சையில் தேறினால், ஒரு குட்டிச் சான்றிதழ். தேவையான துண்டுகள் சேர்ந்து விட்டால், முழுச் சான்றிதழ்!

உதாரணத்துக்கு, ஓட்டலில் சமைப்பவர்களுக்கான உணவுப் பாதுகாப்புப் பயிற்சி. ஒரே நாள் பாடம்தான். கை கழுவுவதில் இருந்து ஆரம்பிக்கும். சிரிக்காதீர்கள்... அதில் தேறாதவரை அங்கே சமையல் வேலைக்கு வைத்துக் கொள்ள முடியாது! சில வருடங்கள் கழித்து மறுபடியும் வகுப்புக்கு வந்து புதுப்பிக்க வேண்டும். சட்டமே கேட்பதால், அந்தக் குட்டிச் சான்றிதழுக்கு மவுசு அதிகம். எல்லாச் சான்றிதழுக்கும் அப்படி மவுசு கிடைப்பதில்லை, சிக்கலே அங்குதான்.

2016 ஜனவரியில், 25 வயது நிரம்பிய ஒவ்வொரு குடிமகனுக்கும் படிப்புச் செலவுக்கு 500 வெள்ளி கொடுத்தது அரசு. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.) கையில் தர மாட்டார்கள், கணக்கில் இருக்கும். அங்கீகாரம் பெற்ற படிப்புக்கு மட்டுமே செலவழிக்கலாம்.

பணம் என்றால் திருடர்களும் வருவார்களே! நடக்காத வகுப்புகளை நடந்ததாகச் சொல்லி, பெயருக்குக் கம்பெனிகள் வைத்திருந்த ஒரு கும்பல், பயிற்சி மானியத்தில் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது. 2017ல் அது அம்பலமானது. சான்றிதழைக் கணக்குப் பார்ப்பது சுலபம். அதன் பின்னால் நிஜமாகவே யாராவது கற்றார்களா என்று பார்ப்பது கஷ்டம்.

2024 மே மாதம், 40 வயதைத் தாண்டியவர்களுக்குக் கூடுதலாக 4,000 வெள்ளி கிடைத்தது. இந்தத் தடவை, வேலைக்கு உதவும் என்று தேர்ந்தெடுத்த படிப்புகளுக்கு மட்டும்தான்! வேலையை விட்டு முழு நேரம் படிக்கும் 40 வயதுக்காரர்களுக்கு, முன்பு வாங்கிய சம்பளத்தில் பாதி வரை (மாதம் அதிகபட்சம் 3,000 வெள்ளி) உதவித்தொகையும் உண்டு. என்னைக் கேட்டால், 4,000 வெள்ளியை விட இதுதான் பெரிய விஷயம். வீட்டில் அடுப்பு எரிந்தால்தானே பாடம் மண்டையில் ஏறும்?

நம் நாட்டில் கதை கொஞ்சம் வேறு. 20 வருடமாகச் சுவர் எழுப்பும் கொத்தனாருக்கு வேலை அத்துப்படி; காட்டுவதற்குத்தான் ஒரு காகிதம் கூட இருக்காது. 2015ல் தொடங்கிய பிரதமரின் திறன் மேம்பாட்டுத் திட்டத்தில் இவர்களுக்கும் வழி வைத்தார்கள். புதிதாகப் படிக்க வேண்டியதில்லை. சின்னப் பயிற்சி, பிறகு ஒரு பரீட்சை. தெரிந்த வேலைக்குச் சான்றிதழ்!

அதைக் காட்டினால் கூலி கூடுகிறதா? உங்கள் தெருவில் வீடு கட்டும் வேலை நடந்தால், அங்குள்ள கொத்தனார் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள்.