தலையெழுத்தா, வைத்தியக் குறைவா?

கங்கைகொண்ட சோழபுரத்து வயலில் விவசாயக் கூலித் தோழர் மயங்கி விழுந்தால், "தலையெழுத்து" என்கிறார்கள். நாம் ஒப்பமாட்டோம்.

மயக்கத்துக்கு வெயிலும் பசியும் காரணமாகலாம், இருதயமும் காரணமாகலாம். இருதயத்தை இயக்குவது அதற்குள்ளேயே பிறக்கும் மின்சாரம். சோழகங்கம் ஏரிக்கரை ஜனங்களுக்கு மதகும் வாய்க்காலும் தெரியும். அதைப்போல இந்த மின்சாரத்துக்கும் தனிப்பாதை உண்டு. அதன் மதகை 1906-ல் விளக்கியவர் ஜப்பானிய டாக்டர் சுனாவோ தவாரா.

கருவிலேயே இப்பாதையை அமைப்பவை மரபணுக்கள். டிபிஎக்ஸ்3 என்ற மரபணு, பாதையிலுள்ள செல்கள் சாதாரணத் தசையாகிவிடாமல் தடுக்கிறது. என்கேஎக்ஸ்2-5 பழுதானால் பாதை அடைபடலாம். துடிப்பு மந்தமாகி மயக்கம் வரலாம்.

மரபணுப் பழுது முதலாளி, தொழிலாளி என்று பார்ப்பதில்லை. வைத்தியம்தான் பார்க்கிறது! பழுதை இ.சி.ஜி. காட்டும், உயிரை பேஸ்மேக்கர் காக்கும்.

அரியலூருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அது மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையந்தோறும் எந்நேரமும் இ.சி.ஜி., கூலி இழக்காமல் பரிசோதனை, இலவச பேஸ்மேக்கர் - இவற்றைச் சங்கமாய்த் திரண்டு கோருவோம்!