உடம்பு சரியில்லை என்பதற்கு யார் சாட்சி?

2024 மே 7ஆம் தேதி இரவு, ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கேபின் பணியாளர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்களுக்கு உடம்பு சரியில்லை என்று தகவல் அனுப்பத் தொடங்கினார்கள். அந்த எண்ணிக்கை 200ஐத் தாண்டியது. 80க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. இரண்டு நாளுக்குள் 25 பேருக்கு வேலைநீக்கக் கடிதம் போனது.

புதுக்கோட்டைக்காரர்களுக்கு இந்தக் கம்பெனி அந்நியமானதல்ல. திருச்சி விமான நிலையம் இருப்பதே புதுக்கோட்டை சாலையில்தான். அறந்தாங்கி, ஆலங்குடி, கீரனூர் பக்கத்திலிருந்து ஷார்ஜாவுக்கும் சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஏறுகிற வண்டி இது. ரத்து என்றால் விசா தேதி, முதலாளியின் கோபம், வட்டிக்கு வாங்கிய டிக்கெட் பணம் எல்லாம் சேர்ந்தே தொங்கும். அந்த மே மாதத்தில் பயணிகளுக்கு வந்த ஆத்திரத்தில் நியாயம் உண்டு. ஆனால் அந்த ஆத்திரம் முழுவதும் பணியாளர்கள் மீது திருப்பிவிடப்பட்டது எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஒரே இரவில் அத்தனை பேருக்கும் காய்ச்சல் வந்திருக்குமா? வந்திருக்காது. அது போராட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே, மறைக்க ஒன்றுமில்லை. டாடா குழுமம் ஏர் இந்தியாவை வாங்கிய பிறகு, ஏர் ஏசியா இந்தியாவாக இருந்த நிறுவனத்தோடு எக்ஸ்பிரஸை இணைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. சம்பள முறை மாறியது. வெளியூரில் தங்கும்போது அறையை இன்னொருவரோடு பகிர வேண்டும் என்றார்கள். இரவெல்லாம் நின்று வேலை பார்த்துவிட்டு வந்து, வேறு நேரத்தில் எழ வேண்டிய ஒருவரோடு ஓர் அறையில் படுப்பது வசதிக் குறைவு மட்டுமல்ல, தூக்கத்தின் பிரச்சினை. தூக்கம் என்பது அந்த வேலையில் உடல்நலத்தின் பாதி. சங்கம் முன்பே எழுத்தில் புகார் கொடுத்திருந்தது. (அந்தச் சங்கம் பாரதிய மஸ்தூர் சங்கத்தோடு இணைந்தது. நமக்கும் அவர்களுக்கும் கொள்கையில் ஒட்டோ உறவோ கிடையாது. குறை உண்மையா என்பதுதான் கேள்வி.) உண்மைதான் என்றது தில்லி மண்டலத் தொழிலாளர் ஆணையரின் கடிதம். பேச்சுவார்த்தைக்கு முடிவெடுக்கும் அதிகாரம் கொண்ட ஒருவரைக்கூட நிர்வாகம் அனுப்பவில்லை என்றும் அது சொன்னது. மே 9 அன்று தலைமைத் தொழிலாளர் ஆணையர் அலுவலகத்தில் இரண்டு தரப்பும் உட்கார்ந்தன. 25 பேரின் நீக்கமும் திரும்பப் பெறப்பட்டது. பல மாதம் எழுதிய மனுவுக்குக் கிடைக்காத நாற்காலி, விமானம் நின்ற இரண்டே நாளில் கிடைத்துவிட்டது.

எம்பிஏ வகுப்புகளில் இதற்கு ஒரு பாடம் உண்டு: ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட். ஒரு சிக்கல் வந்தால் சம்பந்தப்பட்ட தரப்புகளை எப்படிக் கையாள்வது என்பது பாடம். நான்கு கட்டம் போட்ட ஒரு சதுரம் வரைவார்கள். ஒரு பக்கம் செல்வாக்கு, இன்னொரு பக்கம் அக்கறை. செல்வாக்கும் அக்கறையும் அதிகமுள்ளவரை அருகிலேயே வைத்துக்கொள். செல்வாக்கு மட்டும் உள்ளவரைத் திருப்திப்படுத்து. அக்கறை மட்டும் உள்ளவருக்குத் தகவல் சொல்லிக்கொண்டிரு. இரண்டும் இல்லாதவரைக் கவனித்துக்கொண்டிரு, அதிகம் மெனக்கெடாதே. இந்தச் சதுரத்தை முதன்முதலில் பார்த்தபோது எனக்கு ஊரும் சேரியும்தான் ஞாபகம் வந்தன. நோய் யாருக்கு வந்தது என்கிற கேள்விக்கு அதில் இடமே இல்லை. முதலீட்டாளர், அமைச்சகம், ஊடகம், பயணி எல்லோரும் வரிசையாக வந்து உட்கார்ந்த பிறகு, படுத்துக் கிடப்பவர் மூலைக் கட்டத்துக்குப் போகிறார்.

மூலைக்குப் போன பிறகு அடுத்தது நடக்கும். அவர் சொல்வது உண்மையா என்று விசாரிக்கத் தொடங்குவார்கள்.

இது டாடா கண்டுபிடித்ததல்ல. அமெரிக்காவில் அலாஸ்கா ஏர்லைன்ஸ் 2011 வாக்கில் கேபின் பணியாளர்களுக்குப் புதுச் சீருடை கொடுத்தது. தோலில் தடிப்பு, கண் எரிச்சல், மூச்சுத் திணறல் என்று நூற்றுக்கணக்கானவர்கள் புகார் சொன்னார்கள். 2016இல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே ட்வின் ஹில் நிறுவனத்தின் துணியில் சீருடை கொடுத்தபோது புகார்கள் ஆயிரக்கணக்கில் வந்தன. நிர்வாகம் துணியை ஆய்வகத்துக்கு அனுப்பியது. துணி பாஸ். அப்படியானால் உடம்புதான் பொய் சொல்கிறது என்று ஆகிறது அல்லவா? நல்லவேளையாக ஹார்வர்டு ஆய்வாளர்களிடம் அலாஸ்கா பணியாளர்களின் உடல்நிலை பற்றிச் சீருடை வருவதற்கு முன்பே எடுத்த கணக்கு இருந்தது. பின்னால் எடுத்ததோடு ஒப்பிட்டுப் பார்த்து, புதுச் சீருடைக்குப் பிறகு நோய்க்குறிகள் கூடியிருப்பதை 2018இல் வெளியிட்டார்கள். 2023இல் கலிபோர்னியாவில் ஒரு ஜூரி, நான்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸ் பணியாளர்களுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டும் என்று துணி நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டு. அதுவரை அவர்கள் நோயாளிகளும் அல்ல, புகார் செய்கிறவர்கள் மட்டுமே.

புதுக்கோட்டையிலிருந்து எழுதுகிறவன் இந்த இடத்தில் வேங்கைவயலைத் தாண்டிப் போக முடியாது. அது பணியிடம் அல்ல, விமானமும் அல்ல. ஆனால் உடல்நலக் கேடு ஒன்று காவல்துறை வழக்காக மாறும்போது பாதிக்கப்பட்டவர் எங்கே நகர்த்தப்படுகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியாது. 2022 டிசம்பரில் அங்கே தலித் குழந்தைகளுக்கு உடம்பு முடியாமல் போனது. குடிக்கும் தண்ணீரைப் பாருங்கள் என்றார்கள் மருத்துவர்கள். 26ஆம் தேதி மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது உள்ளே மலம். அதை ஒட்டி ஆட்சியர் வந்தபோதுதான் டீக்கடை இரட்டைக் குவளையும், அய்யனார் கோயிலுக்குள் தலித்துகள் போக முடியாத நிலையும் அரசின் கண்ணில் பட்டன. 2023 ஜனவரியில் வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. அந்த ஏப்ரலில் டிஎன்ஏ பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களில் வேங்கைவயலைச் சேர்ந்த எட்டுப் பேர் மாதிரி கொடுக்க மறுத்தார்கள். பாதிக்கப்பட்ட எங்களையே சந்தேகிக்கிறீர்களா என்பது அவர்கள் கேள்வி. 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதில் இருந்தவர்கள் அதே ஊரைச் சேர்ந்த மூன்று தலித்துகள். விசிகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் சிபிஐ விசாரணை கேட்டன. தீர்ப்பை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்கு மேல் நடந்த இந்த விவகாரத்தில், தண்ணீர் குடித்து நோய்ப்பட்டவர்கள் எந்தக் கூட்டத்திலும் முடிவெடுக்கும் தரப்பாக இருந்ததில்லை. விசாரிக்கப்படும் தரப்பாக மட்டும் தொடர்ந்து இருந்தார்கள்.

கேபின் பணியாளரின் துன்பத்தையும் வேங்கைவயலின் துன்பத்தையும் ஒரே தராசில் வைக்கிறாயா என்று கேட்கலாம். வைக்கவில்லை. ஒன்று சாதி வன்கொடுமை, மற்றது தொழில் தகராறு. ஆனால் கீழே இருப்பவரின் உடம்பு சொல்வதை மேலே இருப்பவரின் ஆவணம் உறுதி செய்தால்தான் நம்புவது என்கிற பழக்கம் இரண்டிலும் ஒன்றுதான். அந்தப் பழக்கத்தை இந்த நாடு சாதியிடம்தான் பயின்றது.

சரி, போராட வேண்டியவர் ஏன் நோய் விடுப்பு என்று சொல்ல வேண்டும்? நேராக வேலைநிறுத்தம் செய்யக் கூடாதா? 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தில் விமானப் போக்குவரத்து பொதுப் பயன்பாட்டுச் சேவை. முன்னறிவிப்பு கொடுத்து 14 நாள் காத்திருக்க வேண்டும், சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போது வேலையை நிறுத்தக் கூடாது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு அந்த 14 நாளை எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்துவிட்டது. ஐம்பது விழுக்காட்டினரோ அதற்கு மேலோ ஒரே நாளில் கூடிப் பேசித் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம் என்கிறது. கதவை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டே வந்து, ஜன்னல் வழியாக ஏன் குதித்தாய் என்று கேட்கிறார்கள்.

அம்பேத்கர் இதை 1938லேயே எதிர்கொண்டார். பம்பாய் மாகாணத்தில் காங்கிரஸ் அரசு கொண்டுவந்த தொழில் தகராறு மசோதாவைச் சட்டமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். விருப்பமில்லாமல் ஒருவரை வேலை செய்ய வைப்பது அடிமைத்தனம், வேலைநிறுத்த உரிமை என்பது சுதந்திரத்துக்கே இன்னொரு பெயர் என்பது அவர் வாதத்தின் சாரம். அந்த நவம்பர் 7 அன்று சுதந்திரத் தொழிலாளர் கட்சியும் கம்யூனிஸ்டுகளும் சேர்ந்து ஒருநாள் வேலைநிறுத்தம் நடத்தினார்கள். பிறகு 1942இலிருந்து 1946வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தபோது, அரசும் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மேசையில் உட்காரும் முத்தரப்பு மாநாடுகளை நடத்தியவரும் அவர்தான். ஸ்டேக்ஹோல்டர் என்ற சொல் பாடப் புத்தகத்தில் ஏறுவதற்கு முன்பே அந்த மேசை இருந்தது. அதில் தொழிலாளிக்கு நாற்காலி உண்டு. நான்கு கட்டச் சதுரம் அந்த நாற்காலியை எடுத்துவிட்டு 'தகவல் சொல்லிக்கொண்டிரு' என்று எழுதிவைத்தது.

விமானிகளின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம். அவர்கள் மேல்தட்டு, நல்ல சம்பளம், வழக்குப் போட வழியுண்டு. விமானியின் அயர்ச்சி பயணிகளின் உயிர்ப் பிரச்சினை என்பதால், சிவில் விமானப் போக்குவரத்து இயக்ககமான டிஜிசிஏ 2024 ஜனவரியில் புது ஓய்வு விதி கொண்டுவந்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. இரவு நேரத் தரையிறக்கம் ஆறிலிருந்து இரண்டு. அந்த ஜூனில் வர வேண்டிய விதி, விமான நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போய், தில்லி உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்த பிறகு 2025 ஜூலையிலும் நவம்பரிலுமாக இரண்டு கட்டமாக வந்தது. டிசம்பர் முதல் வாரம் இண்டிகோ சரிந்தது. டிசம்பர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. தயாராக இரு என்று ஏறத்தாழ இரண்டு ஆண்டு சொல்லியும் ஆள் சேர்க்காதது நிறுவனம். அன்றே டிஜிசிஏ செய்தது என்ன? இரவுப் பணி விதியிலிருந்து இண்டிகோவுக்கு 2026 பிப்ரவரி 10வரை விலக்கு. விடுப்பை வார ஓய்வுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற நிபந்தனை எல்லா நிறுவனங்களுக்குமே திரும்பப் பெறப்பட்டது. உள்நாட்டுச் சந்தையில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கையில் வைத்திருப்பவர் தடுமாறினால், தூக்கம் பற்றிய அறிவியலே ஒத்திவைக்கப்படும்.

விமானிக்கே இதுதான் நிலைமை என்றால், விமானம் தரையிறங்கி மறுபடி கிளம்பும் அந்த அரை மணிச் சொச்சத்தில் உள்ளே ஏறி இருக்கைக் குப்பை அள்ளுகிறவர், வாந்தி துடைக்கிறவர், விமானத்தின் அடியில் குழாய் மாட்டிக் கழிவறைத் தொட்டியைக் காலி செய்கிறவர்? அவருடைய வேலை நேரத்துக்கு டிஜிசிஏவின் ஓய்வு விதி பொருந்தாது. அவர் விமானக் கம்பெனியின் ஆளே அல்ல, தரைப்பணி ஏஜென்சியின் ஒப்பந்ததாரரின் ஆள். உடம்பு சரியில்லை என்று அவர் போன் செய்தால் செய்தியாகாது, விமானமும் நிற்காது. நாளைக்கு வேறு ஆள். ஒன்றிய அரசு நமஸ்தே திட்டத்தில் நகரங்களின் சாக்கடை, கழிவுத்தொட்டித் தொழிலாளர்களைக் கணக்கெடுத்தபோது, 2024இல் வெளியான விவரப்படி 38,000 பேரில் ஏறத்தாழ 69 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். பழங்குடியினரையும் பிற பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்தால் 92. இந்தக் கணக்கு விமான நிலைய மதில் சுவருக்கு வெளியிலேயே நின்றுவிடும் என்று நம்ப எனக்குக் காரணம் இல்லை.

ஆகவே விமான நிறுவனங்களில் உடல்நலச் சிக்கல் எழும்போது நாம் கேட்க வேண்டியது சில நேரடியான விஷயங்கள். விசாரணைக் குழுவில் நோயுற்றவர்களின் சங்கத்துக்கு இடம். மருத்துவச் சீட்டு பொய் என்று நிரூபிக்கும் பொறுப்பு நிர்வாகத்துக்கு, மெய் என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழிலாளிக்கு அல்ல. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வரும் நோயும் விமான நிறுவனத்தின் பதிவேட்டிலேயே ஏற வேண்டும். ஓய்வு விதி காக்பிட் கதவோடு நிற்காமல் ஏணிக்கு அடியில் நிற்பவர்வரை வர வேண்டும். இடதுசாரிச் சங்கங்களும் நம் இயக்கங்களும் சேர்ந்து கேட்டால்தான் இது நடக்கும். விமானத் துறைச் சங்கம் மேல்தட்டுச் சங்கம் என்று நாம் ஒதுங்குவதும், துப்புரவுத் தொழிலாளி தங்கள் உறுப்பினர் அல்ல என்று அவர்கள் ஒதுங்குவதும் நிர்வாகத்துக்குத்தான் வசதி.

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் ஏவியேஷன் கோர்ஸ் முடித்துத் திருச்சியிலும் சென்னையிலும் தரைப்பணிக்குச் சேர்கிறார்கள். அவர்களிடம் சொல்லுங்கள்: அடையாள அட்டையில் எந்தக் கம்பெனியின் பெயர் இருக்கிறது என்று முதல் நாளே பார். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் இஎஸ்ஐ எண் கேள். ஒப்பந்ததாரர் கட்டவில்லை என்றால் முதலில் கட்ட வேண்டிய பொறுப்பு முதன்மை நிறுவனத்துடையது. சந்தா நாட்கள் சரியாக இருந்தால், நோயில் படுத்த நாட்களுக்கு ஆண்டுக்கு 91 நாள்வரை 70 விழுக்காடு ஊதியம் கிடைக்கும். டாக்டர் சீட்டை மேலாளரிடம் கொடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள். உன்னோடு அதே ஷிப்டில் வேறு யாருக்கெல்லாம் அதே தொந்தரவு வந்தது என்பதையும் தேதியோடு எழுதிவை.